சென்னையில் வீடு தேடும்போது தண்ணீரை எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்வது?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பணி மாறுதல் காரணமாக வரும் ஜூன் மாதத்தில் கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்குக் குடிபெயர இருக்கிறோம். நானும் மனைவியும், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும், மூட்டு வலியால் மாடிப்படி ஏற முடியாத என் அம்மாவுமாக ஐந்து பேர். இரண்டு வாரம் அலைந்ததில் இரண்டு வீடுகள் அமைந்திருக்கின்றன. ஒன்று, பழைய மகாபலிபுரம் சாலையில் சோழிங்கநல்லூரை ஒட்டிய பெரிய அடுக்ககத்தில் ஆறாவது மாடி. லிப்ட் உண்டு, நீச்சல் குளம் உண்டு, அலுவலகத்துக்குப் பத்து நிமிடத்தில் போய்விடலாம். மற்றொன்று, மந்தைவெளியில் நாற்பது ஆண்டுப் பழைய வீட்டின் கீழ்த்தளம். சமையலறை இருட்டு, வண்டி நிறுத்த இடமில்லை. ஆனால் பின்கட்டில் கிணறும் வாசலில் அடிபம்பும் இருக்கின்றன. வாடகையில் பெரிய வேறுபாடு இல்லை.

இரண்டு இடங்களிலும் தரகர்கள் சொன்னது ஒரே வாக்கியம்: "தண்ணிக்குக் கவலையே வேண்டாம் சார்." சிறுவாணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எங்களுக்கு, தண்ணீருக்குக் கவலைப்படுவது என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. அம்மா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "அங்கே எந்த ஊர்த் தண்ணீர் வருகிறது?" என்பதுதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு நகரம் வாழத் தகுந்ததா என்று அளப்பவர்கள் சாலை, பள்ளி, மருத்துவமனை, பாதுகாப்பு என்று பலவற்றைப் பார்க்கிறார்கள். தண்ணீருக்கு அதில் எவ்வளவு இடம் கொடுக்க வேண்டும்? 2019-இல் கேள்விப்பட்ட தண்ணீர்ப் பஞ்சம் இன்றும் நீடிக்கிறதா? தரகரிடம் நான் கேட்கத் தவறிய கேள்விகள் எவை?

மதகுக்காரர் எழுதியது:

நொய்யல்கரை அவர்களுக்கு, உங்கள் அம்மாவின் கேள்விதான் சரியான கேள்வி. குடிநீர்க் குழாய்களோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: சென்னையில் அதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் நிரம்பினால் 11 டி.எம்.சி.க்குச் சற்று அதிகமாக நீர் இருக்கும் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). 1983-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி கிருஷ்ணா நதியிலிருந்து ஆந்திரத்தின் கண்டலேறு அணை வழியாக ஆண்டுக்கு 12 டி.எம்.சி. வர வேண்டும், 1996-இல் முதல் நீர் வந்தது, ஆனால் முழு அளவு வந்து சேர்வது அரிது. தெற்கே வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு குழாயில் நீர் வருகிறது. கடலிலிருந்து மீஞ்சூரில் 2010 முதலும், நெம்மேலியில் 2013 முதலும் உப்பு நீக்கிய நீர் கிடைக்கிறது. ஆகவே உங்கள் அம்மா ஐப்பசியில் குடிப்பது ஓர் ஊரின் தண்ணீராகவும், சித்திரையில் குடிப்பது வேறோர் ஊரின் தண்ணீராகவும் இருக்கக்கூடும். தென்சென்னையில் வீராணத்துக்கும் நெம்மேலிக்கும் பங்கு அதிகம்.

இவ்வளவு மூலங்கள் இருந்தும் இரண்டு வீடுகளுக்குமிடையே வேறுபாடு ஏன் வருகிறது என்பதற்கு ஏரிகளை விட்டுவிட்டுக் குழாய்களைப் பார்க்க வேண்டும். கொசஸ்தலையாற்று நீரைத் தாமரைப்பாக்கத்தில் மறித்துச் சோழவரத்துக்கும், அங்கிருந்து புழலுக்கும் திருப்பிய ஏற்பாடு 1872-இல் வந்தது. மணல் வடிகட்டிகளோடு கூடிய கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-இல் இயங்கத் தொடங்கியது. அதை வடிவமைத்த பொறியாளர் மேட்லியின் பெயரில்தான் தியாகராய நகரில் ஒரு சாலையும், மழைக்காலத்தில் செய்தியில் அடிபடும் ஒரு சுரங்கப்பாதையும் இருக்கின்றன. தண்ணீர் கொடுத்தவர் பெயரால் அழைக்கப்படும் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்குவதை என்ன சொல்ல! மந்தைவெளி போன்ற பகுதிகள் அந்தப் பழைய வலைப்பின்னலின் வாரிசுகள். அங்கே குழாயும் பாதாளச் சாக்கடையும் இருந்த தெருவில் வீடு எழுந்தது. சோழிங்கநல்லூரோ 2011-இல்தான் மாநகராட்சியோடு இணைந்தது. அந்த ஆண்டு மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக ஒரேயடியாக விரிந்தது. விரிவதற்கு முன்பே அங்கே ஆயிரக்கணக்கான அடுக்ககங்கள் எழும்பிவிட்டன. வீடு முந்திக்கொள்ள, குழாய் இன்னும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளை ஆழ்துளைக் கிணறும் லாரியும் நிரப்புகின்றன.

பழைய பகுதியிலும் எல்லாம் சீராக இருப்பதாக எண்ண வேண்டாம். இங்கே தண்ணீர் இருபத்துநான்கு மணி நேரமும் வருவதில்லை. குறிப்பிட்ட நேரத்தில் வால்வைத் திறக்கிறார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் நீர் தானாக மாடிக்கு ஏறாது, தரைக்குக் கீழே கட்டிய தொட்டியான சம்ப்பில்தான் விழும். உங்கள் மந்தைவெளி வாசலில் உள்ள அடிபம்பு நிலத்தடி நீரை இறைப்பதாக வெளியூர்க்காரர்கள் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது குடிநீர் வாரியக் குழாயின் தலையில் பொருத்தப்பட்ட பம்புதான். குழாயில் வரும் நீருக்கு மேலே எழ வலுவில்லாததால் நாம் கையால் தூக்கிவிடுகிறோம். விட்டுவிட்டு வரும் நீரில் ஒரு தீங்கும் உண்டு. குழாய் காலியாக இருக்கும் நேரத்தில் உள்ளே வெற்றிடம் உண்டாகி, விரிசல் வழியாக வெளியே உள்ள நீரை இழுத்துக்கொள்கிறது. அருகிலேயே கசியும் சாக்கடை இருந்தால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. குழாயோடு நேரடியாக மோட்டாரை இணைத்து உறிஞ்சுபவர்கள் இதை மேலும் மோசமாக்குகிறார்கள். அது விதிமீறல், ஆயினும் தெருவுக்கு நான்கு வீட்டில் நடக்கிறது. ஆகவே திறந்தவுடன் வரும் முதல் சில குடத்துத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

கிணற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் மந்தைவெளிக்கு அநியாயம் செய்தவனாவேன். கடற்கரையை ஒட்டிய அந்தப் பட்டையில் மணல் மண். மழை பெய்தால் உள்ளே இறங்கிவிடும், அளவோடு இறைத்தால் கிணறு ஆண்டு முழுவதும் கைகொடுக்கும். கிண்டி, வேளச்சேரிப் பக்கம் கீழே பாறை. அண்ணா நகர், கொளத்தூர்ப் பக்கம் களிமண். அங்கெல்லாம் இதே மழை வேறு விதமாக நடந்துகொள்ளும். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபின் மயிலாப்பூர், மந்தைவெளிக் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்காரர் அந்தக் குழாயைத் தூர்வாரியிருக்கிறாரா என்று கேளுங்கள். பல வீடுகளில் அது சுவரில் தொங்கும் அலங்காரமாக மட்டுமே நிற்கிறது. அதிகமாக இறைத்தால் மணலுக்கடியில் கடல் உள்ளே வந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். மீஞ்சூர்ப் பக்கத்தில் தொழிற்சாலைகளுக்காகவும் நகருக்காகவும் பல ஆண்டுகள் இறைத்ததில், கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வரை நிலத்தடி நீர் உவர்ந்துபோனது. ஒருமுறை உவர்ந்த நிலத்தை மீட்பதற்கு ஒரு தலைமுறை போதாது.

சங்கப்பொருளாளர் எழுதியது:

ஐயா சொன்னதன் மறுபாதியை நான் சொல்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் இருநூறு வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தில் பத்து ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். அதில் நான்கு ஆண்டுகள் குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளராக இருந்தேன். உங்கள் தரகர் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர் வரும். மந்தைவெளியில்கூட அப்படி வராது. ஆனால் அந்தக் குழாயின் மறுமுனையில் லாரி நிற்கிறது என்பதை அவர் சொல்லவில்லை.

கணக்கைப் பாருங்கள். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் வழங்கும் அளவுகோல். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் எங்கள் இருநூறு வீடுகளுக்கு நாளொன்றுக்கு 1,08,000 லிட்டர்; பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி ஒன்பது. எங்கள் ஆழ்துளைக் கிணறுகள் மழைக்காலத்தில் இதில் பாதியைத் தருகின்றன, பங்குனி பிறந்தால் கால்வாசிகூடத் தேறாது. மீதி அனைத்தும் லாரிதான். அந்தப் பணம் வாடகையில் தெரியாது, பராமரிப்புக் கட்டணத்தில் தெரியும். அதுவும் மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே தரகரிடம் "தண்ணீர் வருமா?" என்று கேட்காதீர்கள். சங்க அலுவலகத்துக்குப் போய், சென்ற ஏப்ரல், மே மாதங்களின் பராமரிப்புக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

2019 கோடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த ஜூன் மாதத்தில் நான்கு ஏரிகளிலும் சேர்த்து மொத்தக் கொள்ளளவில் ஒரு விழுக்காடுகூட நீர் இல்லை. குடிநீர் வாரியம் நாளொன்றுக்கு வழங்கிய நீர் ஏறத்தாழ 83 கோடி லிட்டரிலிருந்து 52.5 கோடியாகக் குறைந்தது. எங்கள் பகுதி நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. கொரோனாவுக்கு முன்பே எங்களுக்கு அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியது தண்ணீர்தான். ஆனால் வீட்டில் மட்டும் தண்ணீர் இருந்ததா என்ன? லாரிக்காரர் விலையை இரட்டிப்பாக்கினார். பிறகு, கொடுக்க ஒப்புக்கொண்ட விலைக்கும் வரவில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கு லாரி வரும் என்று செய்தி வந்தால் சங்கத்துக்காரர்கள் இருவர் கீழே காத்திருப்போம். வந்த தண்ணீர் எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வந்தது, எதனால் சற்று மஞ்சளாக இருந்தது என்று கேட்கும் துணிவு எங்களுக்கு இல்லை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று குழாயைத் திறந்து மூடினோம். ஆண்டுக்கணக்காக ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த குடும்பங்கள், யார் வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்பதற்காகக் குரலை உயர்த்திச் சண்டையிட்டன. மூன்று வீட்டார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். அதில் ஒரு குடும்பம் திரும்பவே இல்லை.

அதன்பிறகு நாங்கள் இரண்டு வேலைகள் செய்தோம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி அளவி (தண்ணீர் மீட்டர்) பொருத்தி, பயன்படுத்தும் லிட்டருக்கு ஏற்பக் கட்டணம் வாங்கத் தொடங்கினோம். இதற்காக நடந்த பொதுக்குழுவில் நான் வாங்கிய திட்டைப் பட்டியலிட்டால் தனித்திரி தேவைப்படும். ஆனால் அளவி வந்த மூன்றே மாதங்களில் அடுக்ககத்தின் மொத்தப் பயன்பாடு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. ஒழுகும் குழாயைச் சரிசெய்யச் சொல்லி யாரிடமும் மன்றாட வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது, எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை உண்மையாகவே இயங்க வைத்து, அந்த நீரைக் கழிப்பறைத் தொட்டிகளுக்குத் திருப்பினோம். கட்டும்போதே இரட்டைக் குழாய் போட்டிருந்ததால் இது முடிந்தது. நீங்கள் பார்த்த அடுக்ககத்தில் கழிப்பறைக்குத் தனிக்குழாய் உண்டா, சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா, அல்லது கழிவுநீரை அள்ளிச் செல்லவும் ஒரு லாரி வருகிறதா என்று பாருங்கள். தண்ணீரைக் கொண்டுவர ஒரு லாரி, கழிவை எடுத்துச் செல்ல ஒரு லாரி என்று இரண்டு முனையிலும் டீசலில் ஓடும் வீடுகள் இங்கே நிறைய.

புளியந்தோப்புவாசி எழுதியது:

மேலே எழுதிய இருவரும் அனுபவத்தோடு எழுதியிருக்கிறார்கள். ஆயினும் "பழைய நகரம்" என்று மதகுக்காரர் ஐயா சொல்லும்போது அவர் மனத்தில் மந்தைவெளி இருக்கிறது. எங்கள் புளியந்தோப்பும் பழைய நகரம்தான். கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் எங்களுக்குக் கூப்பிடு தொலைவு. அங்கிருந்து குழாயில் தண்ணீர் போவதை எங்கள் பாட்டி காலத்திலிருந்து பார்க்கிறோம். எங்கள் தெருவில் பல வீடுகளுக்குச் சம்ப் தோண்ட இடமே கிடையாது. சம்ப் இல்லாத வீட்டுக்குத் தண்ணீர் என்பது அது வரும் அந்த ஒன்றரை மணி நேரம் மட்டுமே. அப்போது வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும்.

நகரம் வாழத் தகுந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். லிட்டர் கணக்கில் இதற்குப் பதில் கிடைக்காது, மணிக் கணக்கில்தான் கிடைக்கும். நான் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். காலை ஒன்பதரைக்குக் கடையில் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் தண்ணீர் விடும் நேரம் ஒரு கோடையில் விடியற்காலையிலிருந்து காலை ஒன்பதுக்கு மாறியது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. பதினைந்து நாட்களில் ஆறு முறை தாமதமாகப் போனேன். ஏழாவது முறை போக வேண்டிய தேவை இருக்கவில்லை. வேலை போனதற்குக் காரணம் தண்ணீர் இல்லாதது என்று நான் எங்கும் எழுத முடியாது, ஏனென்றால் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. எத்தனை குடும்பங்களில் மூத்த பெண்பிள்ளை முதல் பாடவேளையைத் தவறவிடுகிறாள் என்பதை எந்த ஏரியின் நீர்மட்டப் பலகையும் காட்டாது. அடிபம்பை அடித்து அடித்துத் தோள்பட்டை தேய்ந்துபோன பெண்கள் எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் அடிபம்பில் வரும் நீருக்கு வாடை இருக்கும். அதைக் குடிக்க முடியாமல் இருபது லிட்டர் கேன் வாங்குகிறோம். வீட்டு வருமானத்தில் அது எவ்வளவு பெரிய பங்கு என்று கணக்கிட்டால், நீச்சல் குளம் உள்ள அடுக்ககத்தில் குடியிருப்பவரைவிட நாங்கள் குடிநீருக்கு அதிகம் செலவிடுகிறோம் என்று தோன்றுகிறது.

நொய்யல்கரை அவர்களே, உங்கள் வீட்டில் ஐந்து பேர். மூட்டு வலியுள்ள அம்மாவும் பள்ளிப் பிள்ளைகளும் போக, தண்ணீர் வரும் நேரத்தில் வீட்டில் இருக்கப்போவது யார்? இதை உங்கள் மனைவியிடம் கேட்டீர்களா? மந்தைவெளி வீட்டில் சம்ப் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அது இருந்தால் மட்டுமே அது உங்களுக்கான வீடு.

நெய்தல் எழுதியது:

எல்லோரும் பழங்கதையே பேசுகிறீர்கள். 2024 பிப்ரவரியில் நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலை திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலை கட்டப்பட்டு வருகிறது. கடல் வற்றுவதில்லை. மழை பொய்த்தாலும் கிருஷ்ணா வராவிட்டாலும் இனிச் சென்னைக்குக் கவலை இல்லை. இன்னும் சில ஆண்டுகளில் லாரிகள் காட்சிப்பொருளாகிவிடும். அலுவலகத்துக்கு அருகில் உள்ள வீட்டைத் தயங்காமல் எடுங்கள்.

மதகுக்காரர் எழுதியது:

நெய்தல் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2019-க்குப் பிறகு அதுபோன்ற வறட்சி வராததற்கு நல்ல மழை ஒரு காரணம் என்றாலும், இனி அப்படியொரு வறட்சி வந்தால் கடல்நீர் ஆலைகள் பெரிய தாங்கலாக இருக்கும். 2019 ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது தொட்டிகளோடு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தபோது நானும் பார்க்கப் போயிருந்தேன். மாலை போட்டு வரவேற்றார்கள். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் கொண்டுவருவது திட்டம். பற்றாக்குறையோ 30 கோடி. கண்ணுக்கு நிறைவாக இருந்த அந்த ரயிலைவிட, யார் கண்ணிலும் படாமல் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு ஆலைகள் இருபது மடங்கு நீரைத் தரும் திறன் கொண்டவை. அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் குடிநீர் எடுக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் போகிறது. எடுத்த நீரில் பாதிக்கு மேல் அடர் உப்புநீராகத் திரும்பக் கடலுக்குள் போகிறது. அதைப் பற்றிக் கரையோர மீனவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். இவ்வளவு விலை கொடுத்துச் செய்த நீரை, புளியந்தோப்பு அம்மா வாடை வருவதாகச் சொன்ன அதே விரிசல் விழுந்த குழாயில்தானே விடப்போகிறோம்? அவர் சொன்னது எனக்கு உறைத்தது. பணியில் இருந்த காலமெல்லாம் நாங்கள் எத்தனை கோடி லிட்டர் அனுப்பினோம் என்றுதான் பதிவேட்டில் எழுதினோம்; எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் திறந்தோம், சொன்ன நேரத்துக்குத் திறந்தோமா என்று ஒரு பத்தி அந்தப் பதிவேட்டில் இருந்ததில்லை.

ஆலையைவிடக் குறைந்த செலவில் கிடைக்கும் நீர் ஒன்று இருக்கிறது, அது நாம் வெளியேற்றும் நீர். மணலித் தொழிற்சாலைகள் 1990-களிலிருந்தே நகரின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்துகின்றன. 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் வந்தன. அந்த அளவுக்கு ஏரி நீர் வீடுகளுக்கு மிச்சம். சங்கப்பொருளாளர் தம் அடுக்ககத்தில் செய்ததும் இதையேதான், அளவு சிறிது.

வெள்ளத்தை யாருமே தொடவில்லை. சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அதைப் பிடித்து வைக்க இருந்த ஏரிகளைத் தெருப்பெயர்களில்தான் இன்று காண முடிகிறது. மேற்கு மாம்பலத்தில் ஏரியைப் பார்த்த சாலை இருக்கிறது, ஏரி தியாகராய நகராகிவிட்டது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் எஞ்சியிருக்கிறது. 2022-இல் அதற்குப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சார் தகுதி கிடைத்தது, நல்லது. நீங்கள் பார்த்த அடுக்ககம் அந்தச் சதுப்பின் வடிகால் வழியை ஒட்டியதா என்று கேட்டறியுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் படகு விட்டார்கள். ஆறாவது மாடியில் வீடு நனையாது. ஆனால் மின்சாரம் நின்று, லிப்ட் நின்று, சம்ப்பில் வெள்ளநீர் கலந்துவிட்டால் உங்கள் அம்மா கீழே இறங்கவும் முடியாது, மேலே தண்ணீரும் இருக்காது. மே மாதத்தில் லாரிக்குக் காத்திருக்கும் அதே தெருவில் டிசம்பரில் படகுக்குக் காத்திருப்பது எங்கள் ஊருக்கே உரிய கொடுப்பினை.

கீழணைக்காரன் எழுதியது:

இந்தத் திரியைப் படித்துக்கொண்டே வந்தேன், ஒரு தகவலைச் சேர்க்கிறேன். நான் காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்து ஊர். வீராணம் எங்கள் ஏரி. பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் வந்து நிரம்பும். 1970-களில் சென்னைக்கு நீர் கொண்டுபோக முதலில் திட்டமிட்டபோது கொண்டுவந்த பெரும் கான்கிரீட் குழாய்கள், வேலை நின்றுபோனதால் சாலையோரம் பல ஆண்டுகள் கிடந்தன. வீடில்லாதவர்கள் அவற்றுக்குள் குடித்தனம் நடத்தியதைச் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். பிறகு 2004-இல் புதிய வீராணம் திட்டத்தில் தண்ணீர் போனது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் போகிறது. கொடுப்பதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. மேட்டூர் திறப்பு தள்ளிப்போகும் ஆண்டில் எங்கள் மதகுகளை அடைத்துவிட்டு உங்கள் குழாய் மட்டும் ஓடும்போது கொஞ்சம் வலிக்கும். நொய்யல்கரை அவர்களின் அம்மா எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்டதாகப் படித்ததும் எழுதத் தோன்றியது. அவரிடம் எங்கள் ஊர் பெயரையும் சொல்லுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அம்மாவிடம் வீராணத்தைப் பற்றிச் சொன்னேன்; "சிறுவாணி அணையும் கேரள எல்லைக்குள்தானே இருக்கிறது, நாமும் அடுத்தவர் வீட்டுத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறோம்" என்றார்.

நேற்று இரண்டு வீடுகளுக்கும் மீண்டும் போனேன். அடுக்ககத்தின் சங்க அலுவலகத்தில் ஏப்ரல் மாதக் கணக்கைக் காட்டினார்கள்; தயங்கவில்லை. லாரிச் செலவைச் சேர்த்தால் வாடகை நான் எண்ணியதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. சுத்திகரிப்பு நிலையம் ஓடுவதாகச் சொன்னார்கள், பூட்டியிருந்தது. மந்தைவெளி வீட்டில் சம்ப் இருக்கிறது, ஆனால் மேல்தளத்துக் குடும்பத்தோடு பொது. அவர்கள் ஆறு பேர். அதன் கொள்ளளவு வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. கிணற்று நீர் நேற்றைக்கு ஒன்றரை ஆள் ஆழத்துக்கு இருந்தது. மனைவி ஒரு பேச்சும் பேசாமல் சமையலறையில் மின்விளக்கு எங்கே பொருத்தலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார், ஆகவே முடிவு ஏறத்தாழத் தெரிந்துவிட்டது. முன்பணம் கொடுக்கும் முன் இன்னும் ஏதேனும் பார்க்க வேண்டுமா?

புளியந்தோப்புவாசி எழுதியது:

சம்ப்பின் நீள அகலத்தை நாடாவால் நீங்களே அளந்து பாருங்கள். மீட்டரில் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். பதினொரு பேருக்கு ஆளுக்கு 135 வீதம் நாளொன்றுக்கு 1,485 லிட்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வந்தாலும் தாங்க வேண்டுமென்றால் மூவாயிரமாவது பிடிக்க வேண்டும். மோட்டார் போடும் நேரத்தைப் பற்றி மேல்வீட்டாரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள், குடிவந்தபின் பேசினால் சண்டையாகத்தான் முடியும். பிறகு ஒரு நாள் விடியற்காலை, வீட்டுக்காரருக்குச் சொல்லாமல், தண்ணீர் விடும் நேரத்தில் அந்தத் தெருவுக்குப் போய் நில்லுங்கள். வரிசையில் நிற்கும் குடங்களையும், அடிபம்பை அடிக்கிறவர்கள் எத்தனை அடிக்கு ஒரு குடம் நிரப்புகிறார்கள் என்பதையும் பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள். அங்கே நிற்கும் பெண்களிடம் கேட்டால், சென்ற கோடையில் எத்தனை நாள் வரவில்லை என்பதைத் தேதியோடு சொல்வார்கள்.